நெல் நீரில் நிற்பது தாகத்தாலா?

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையில் போனால் இரு பக்கமும் தொழிற்சாலைச் சுவர்கள்தாம் கண்ணில் படும். கார், லாரி, டயர், கண்ணாடி, மின்னணுக் கருவிகள் என்று எத்தனையோ பொருள்கள் அச்சுவர்களுக்குப் பின்னால் உருவாகின்றன. சற்றுக் கூர்ந்து பார்த்தால், ஒரு சுவர் முடிகிற இடத்தில் ஏரிக்கரை ஒன்று தெரியும். மழை நன்றாகப் பெய்த ஆண்டாயின், கரைக்குக் கீழே சில காணி நெல்வயலும் தெரியும். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். தொழிற்பூங்காக்கள் வந்த பிறகும் அந்த ஏரிகளில் பல இன்னும் இருக்கின்றன. அவற்றின் ஆயக்கட்டில் நெல்லும் விளைகிறது.

அந்த வயலைக் காட்டி உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். நெற்பயிர் ஏன் நீரில் நிற்கிறது? "நெல்லுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், அதனால்தான்" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? என் கல்லூரி மாணவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். சொந்த வயலில் இறங்கிப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. இந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் தம் வயலில் நீரைச் சிக்கனப்படுத்த முற்பட்டால் நீர் மிஞ்சும், நெல் மிஞ்சாது.

சூரியன் போடும் கணக்கு

பயிர் உண்மையில் எவ்வளவு நீரைச் செலவழிக்கிறது? இதைக் கண்டுபிடிக்க வேளாண்மை நூல் வேண்டாம்; உங்கள் இயற்பியல் பாடமே போதும். 30 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக வேண்டுமானால் ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். இதுவே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம். நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மீது ஒரு நாளில் விழும் சூரிய ஆற்றல் சராசரியாக 180 லட்சம் ஜூல் அளவில் இருக்கும். அத்தனையும் நீரை ஆவியாக்குவதற்கே செலவானாலும் ஏழரை கிலோகிராம் நீர்தான் ஆவியாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீரை ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும். ஆகவே நாளொன்றுக்கு ஏழரை மில்லிமீட்டர். ஒளியில் ஒரு பகுதி மேலே திரும்பிவிடுகிறது. ஒரு பகுதி காற்றைச் சூடாக்குகிறது. இவற்றைக் கழித்துவிட்டால் பொதுவாக 5 மில்லிமீட்டர் அளவே போகும்.

நட்டது முதல் அறுவடை வரை 100 நாள் என்று கொள்வோம். மொத்தம் 500 மில்லிமீட்டர். இலை வழியாகப் போவதும், வயலில் தேங்கிய நீரின் மேற்பரப்பிலிருந்து போவதும் இதற்குள் அடக்கம். செடி தன் உடம்பில் நிறுத்திக்கொள்வது தான் உறிஞ்சியதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

ஆனால் தமிழ்நாட்டில் ஒரு போக நெல்லுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை என்றுதான் வேளாண்மைத் துறையினர் கணக்கிடுகிறார்கள். காஞ்சிபுரம் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக அவ்வளவுதான்! சூரியன் எடுத்துக்கொண்டது 500 என்றால் மீதி 700 எங்கே போயிற்று? ஒரு பகுதி, நடவுக்கு முன் சேறு கலக்கச் செலவாயிற்று. பெரும்பகுதி மண்ணுக்குள் கீழ்நோக்கியும் வரப்பின் ஊடே பக்கவாட்டிலும் கசிந்துவிட்டது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 4,000 லிட்டர். அப்படியானால் 700 மில்லிமீட்டர் 28 லட்சம் லிட்டர் ஆகிறது.

கசிவைக் குறைக்க நம் முன்னோர் கண்ட வழிதான் சேற்றுழவு. நீர் கட்டி, உழுது, மிதித்து, பரம்படித்து மண்ணைக் கூழாக்குகிறார்கள். களிமண்ணின் நுண்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இடையிலுள்ள துளைகள் சுருங்குகின்றன. இங்கே ஓர் அழகான விதி வேலை செய்கிறது. நுண்குழாய் ஒன்றின் வழியே பாயும் நீரின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது பாய்சுவை விதி. துளையின் ஆரம் பாதியானால் அதன் வழியே செல்லும் நீர் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும். மாட்டின் குளம்பும் மனிதனின் காலும் செய்கிற வேலையின் பலன் இது. இந்த விதியை நினைவில் வைத்திருங்கள், மறுபடியும் தேவைப்படும்.

ஒரு நிமிடமும் ஒரு வாரமும்

இவ்வளவு பாடுபட்டு வயலில் ஏன் நீரைத் தேக்க வேண்டும்? மண் ஈரமாக இருந்தால் வேருக்குப் போதாதா? பெரும்பாலான நாட்களில் போதும். தேங்கிய நீர் பயிருக்குச் சில வகைகளில் உதவுகிறது என்பது உண்மையே. மணிச்சத்து எளிதில் கிடைக்கிறது, ஒரு நாள் மடை அடைபட்டாலும் பயிர் வாடாது. ஆனால் அது செய்யும் முதன்மையான வேலை களையை அடக்குவது.

களையின் விதை முளைக்க ஆக்ஸிஜன் வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதோ 8 மில்லிகிராமுக்கும் குறைவு. இருப்பு குறைவு என்பதோடு போகவில்லை. வந்து சேரும் வேகமும் மிகக் குறைவு. ஊதுவத்தி மணம் அறையெங்கும் பரவுவதில் விரவலுக்கும் பங்குண்டல்லவா? அந்த விரவல், காற்றில் நடப்பதைவிட நீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாக நடக்கிறது. ஆக்ஸிஜன் மூலக்கூறு ஒன்று 5 சென்டிமீட்டர் தூரத்தை விரவலால் மட்டும் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், அசையாத காற்றில் ஒரு நிமிடம் ஆகிறது. அசையாத நீரில் ஒரு வாரம்! வயல்நீர் காற்றில் சற்று அசையும். ஆனால் அதன் அடியிலுள்ள சேறு அசையாது. அச்சேற்றிலுள்ள நுண்ணுயிர்களோ வருகிற கொஞ்சநஞ்ச ஆக்ஸிஜனையும் உடனே தின்றுவிடுகின்றன. சேற்றில் புதைந்த களைவிதைக்கு மூச்சு முட்டுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. தம்மேல் நிழலோ தடையோ இல்லை என்பதை அறியப் பல களைவிதைகள் பகலிரவு வெப்பநிலை வேறுபாட்டையே அடையாளமாகக் கொள்கின்றன. திறந்த மண் பகலில் நன்றாகச் சூடாகி இரவில் குளிரும். மேலே நீர் நின்றால், அதன் வெப்ப ஏற்புத்திறன் மிக அதிகமாதலால், இந்த ஏற்ற இறக்கம் தணிந்துவிடுகிறது. விதையும் இன்னும் காலம் வரவில்லையென்று உறங்கிக் கிடக்கிறது.

அதே சேற்றில் நெல்லின் வேர் மட்டும் எப்படி மூச்சு விடுகிறது? பப்பாளி இலைக்காம்பை நறுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே குழல்போல் இருக்கும். நெல்லின் இலையுறையிலும் தண்டிலும் வேரிலும் இதுபோல மெல்லிய காற்றறைகள் தொடராக இருக்கின்றன. இலையிலிருந்து வேர் நுனிக்கு ஆக்ஸிஜன் இந்தக் காற்றுப் பாதையில், 'ஒரு நிமிட' வேகத்தில், இறங்குகிறது. அதோடு நாற்று 20, 25 நாள் வளர்ந்து இலையை நீருக்குமேல் நீட்டிக்கொண்டுதான் வயலுக்கே வருகிறது. களைவிதை அப்போதுதான் கண் விழிக்க வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் ஒருவனை 25 நாள் முன்னதாகவே ஓடவிட்டு, மற்றவன் கால்களைக் கட்டிப்போடுகிற ஏற்பாடு இது. நாற்று நடுதலும் நீர் தேக்குதலும் சேர்ந்து ஒரே களைக்கொல்லி முறை என்றே நான் சொல்வேன்.

இந்த வலையில் எல்லாக் களைகளும் சிக்குவதில்லை. ஆரைக்கீரைக்கு நீர் பிடிக்கும். குதிரைவாலிப் புல் அதைவிடப் பெரிய தந்திரக்காரன். அதன் விதை ஆக்ஸிஜன் இல்லாமலேயே முளைக்க வல்லது. நடவின்போதே நாற்றோடு கலந்து வந்துவிட்டால் பிறகு எவ்வளவு நீர் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. பார்வைக்கும் இளம் நெல்லைப் போலவே இருக்கும். பழகாத கண் நெல்லைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்டுவிடும். வேறுபாட்டை அறிய ஓர் எளிய வழி உண்டு. இலையின் தாள் தண்டை விட்டுப் பிரியும் இடத்தை வளைத்துப் பாருங்கள். நெல்லாயின் அங்கே வெண்மையான மெல்லிய சவ்வு ஒன்று நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலிக்கு அந்த நாக்கு இல்லை.

நீரால் களையை அடக்க வேண்டுமானால் வயல் மட்டமாக இருக்க வேண்டும் என்பதும் இப்போது விளங்கியிருக்கும். நீரின் மேற்பரப்பு தானே மட்டமாகிவிடும், மண் அப்படியல்ல. வயலின் ஒரு மூலை 5 சென்டிமீட்டர் மேடாக இருந்தால் அம்மூலையில் களை முளைக்கும். அதை அடக்க மேலும் 5 சென்டிமீட்டர் நீர் விட்டால் பள்ளத்திலுள்ள நாற்று முழுகும். பரம்புப் பலகையின் மேல் ஆள் ஏறி நின்று மாட்டை ஓட்டுவது இதற்காகத்தான். இன்று லேசர் கதிரைக் குறியாக வைத்து டிராக்டரால் மட்டம் செய்யும் கருவியும் வந்திருக்கிறது.

ஏரியும் பட்டமும்

வயலுக்கு நீர் எங்கிருந்து, எப்போது வருகிறது என்பதை இனிப் பார்ப்போம். இப்பகுதியின் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய நாட்களில் கொட்டிவிடுகிறது. அந்தச் சில வார மழையைப் பல மாதம் வைத்துக்கொள்ளும் பாத்திரமே ஏரி. மதகு வழியாக வயலுக்கு நீர் போகும். ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். இப்படி ஏரிகள் சங்கிலியாகத் தொடர்ந்திருக்கின்றன. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைப் பராமரிக்கத் தனியாக 'ஏரி வாரியம்' இருந்ததைக் கூறுகின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்னாகும் என்று அன்றே அறிந்திருந்தார்கள்.

ஏரியை ஒட்டித்தான் பட்டங்கள் அமைந்தன. ஆடி, ஆவணியில் தொடங்குவது சம்பா. மார்கழி, தையில் ஏரிநீரை நம்பி நடுவது நவரை. சித்திரை, வைகாசியில் எஞ்சிய நீரையும் கிணற்றையும் கொண்டு செய்வது சொர்ணவாரி. ஆடியில் ஏரி வறண்டிருக்குமே, சம்பாவை எப்படித் தொடங்குவது? இதற்கு இப்பகுதி உழவர்கள் கைக்கொண்ட வழி புழுதி விதைப்பு. கோடை மழையில் உழுது புழுதியாக்கிய நிலத்தில் நெல்லை நேரே விதைத்துவிடுவார்கள். தென்மேற்குப் பருவத்தில் மாலை நேரங்களில் பெய்யும் மழையிலேயே அது முளைத்து வளரும். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பெருமழை வந்து ஏரியில் நீர் சேர்ந்ததும் வயலில் நீர் கட்டிச் சேற்றுப் பயிராக மாற்றிவிடுவார்கள். மிகச் சிக்கனமான முறை. நாற்றங்கால் வேண்டாம், சேறு கலக்கவும் நீர் வேண்டாம்.

ஆனால் இங்கே களையும் நெல்லும் ஒரே நாளில் பிறக்கின்றன! பந்தயத்தில் நெல்லுக்குக் கொடுத்த 25 நாள் சலுகை போயிற்று. முளைத்த முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம்தான் களை பயிரை அதிகமாக வருத்தும் காலம். புழுதி விதைப்பில் அந்நாட்களில் நீரும் துணைக்கு இல்லை. எனவே கோடையுழவு இன்றியமையாததாகிறது. சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டிப்போட்டால் கோரைக்கிழங்கு மேலே வந்து காய்ந்து சாகும். முதல் மழைக்கு முளைத்த களையை மறுபடி உழுது மடக்கிவிட்டுப் பிறகு விதைத்தால் இன்னும் நல்லது. களைவிதைகளை ஏமாற்றி முளைக்கவைத்து அழிப்பது இது. புழுதிப் படலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அடிமண்ணின் ஈரம் நுண்புழைகள் வழியாக ஏறி மேலே வந்து ஆவியாகும். மேல்மண்ணைக் கிளறிவிட்டால் அந்த நுண்புழைத் தொடர்பு அறுந்துபோகிறது. ஈரம் கீழேயே தங்குகிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழிக்குப் பின்னாலும் அறிவியல் இருக்கிறது. பழைய நீண்டகாலச் சம்பா வகைகள் பகலின் நீளத்தை உணரக்கூடியவை. நம் பகுதியில் ஆனி மாதத்து நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சிறு வேறுபாட்டை இலை உணர்ந்து, பகல் குறுகத் தொடங்கியதும் பூக்க ஆயத்தமாகிவிடும். தாமதித்து விதைத்தால் பயிர் போதிய அளவு வளராமலே கதிர் விட்டுவிடும். 1966-ல் வெளிவந்த ஐ.ஆர்.8 முதலான குட்டை வகைகள் பகலைப் பார்ப்பதில்லை. தம் வயதையே எண்ணுகின்றன. (இக்கதையில் நம் பக்கத்து ஊருக்கும் பங்குண்டு. திருவள்ளூரை அடுத்த திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.6 என்ற வகையே புகழ்பெற்ற ஐ.ஆர்.20-க்குப் பெற்றோர்களில் ஒன்று.) நாளை எண்ணும் வகைகள் இருப்பதால்தான் ஏரி பிந்தி நிறைந்தாலும் உழவர் நவரைக்கு மாறிக்கொள்ள முடிகிறது.

ஏனெனில் மழை இப்போது சொன்ன தேதிக்கு வருவதில்லை. 2015 டிசம்பர் முதல் நாளில் கொட்டிய மழையில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட நேர்ந்தது. அடையாற்றின் கரைகள் முழுகின. அடுத்த ஆண்டே, 2016-ல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் பொய்த்தது. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் ஏரியின் அடிநிலம் வெடித்துக் கிடந்தது. 24 அடி ஆழமும் 364 கோடி கன அடிக்கு மேல் கொள்ளளவும் உள்ள ஏரி அது! இந்த நிலையில் உழவர் கையிலுள்ள நீரை எப்படிச் செலவழிக்கிறார் என்பது முன்னைவிட முக்கியமாகிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும்

இப்போது ஆரம்பக் கேள்விக்குத் திரும்புவோம். தேங்கிய நீரின் முதன்மையான வேலை களையடக்குவது என்றால், களைக்கு அஞ்ச வேண்டாத நாட்களில் நீரைத் தேக்கவும் வேண்டியதில்லை அல்லவா? ஆம். வயலைச் சில நாள் காயவிட்டு, பிறகு பாய்ச்சி, மறுபடி காயவிடலாம். நம் உழவர்கள் இதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். ஏரியில் நீர் குறைந்த காலத்தில் நீர்க்கட்டி முறைவைத்துத்தான் நீர் விடுவார். ஒருவருக்கு முறை வருவதற்குள் வயல் காய்ந்திருக்கும். கட்டாயத்தால் பழகிய வழக்கம் இது. 1983-ல் மடகாஸ்கர் தீவில் ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வகுத்த சாகுபடி முறையிலும் இது ஒரு முக்கியக் கூறு. தமிழ்நாட்டில் அம்முறையைத் 'திருந்திய நெல் சாகுபடி' என்கிறார்கள்.

எவ்வளவு காயவிடலாம்? கண்ணுக்குத் தெரியும் மேல்மண்ணை நம்பினால் தவறிவிடும். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் நீர் இருக்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய கருவி ஒன்று இதற்கு விடை சொல்கிறது. கருவி என்றால் பயப்பட வேண்டாம். 15 சென்டிமீட்டர் அளவு விட்டமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பிளாஸ்டிக் குழாய்த்துண்டு; அவ்வளவுதான். அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள் இட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை அள்ளிவிட வேண்டும். இணைந்த பாத்திரங்களில் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும் என்று படித்தீர்களே, அதே தத்துவம். மண்ணுக்குள் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதே மட்டம் குழாய்க்குள்ளும் தெரியும். மட்டம் நிலத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சி, மண்ணுக்குமேல் 5 சென்டிமீட்டர் நிறுத்தினால் போதும். அந்த ஆழம்வரை வேர் எட்டுவதால் பயிர் வாடாது. பாய்ச்சும் நீரில் 30 விழுக்காடு வரை இவ்வாறு மிச்சமாகும்.

அதற்கும் கீழே காயவிட்டால் என்ன? பாய்சுவை விதியை நினைவில் வைத்திருக்கச் சொன்னேனே, இதற்காகத்தான். களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கிறது. சேற்றுழவால் துளைகளைச் சுருக்கி நாம் பெற்ற லாபம் முழுவதையும் விரல் நுழையும் அளவுள்ள வெடிப்பு ஒன்று விழுங்கிவிடும். அடுத்த முறை பாய்ச்சும் நீர் வெடிப்பு வழியே கடகடவென்று அடியில் இறங்கிப் போகும். எனவே மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும்போதே நீர் கட்ட வேண்டும் என்பது விதி.

காய்ச்சல் கூடாத நாட்களும் உண்டு. நட்டபின் முதல் இரண்டு வாரம் நீர் நிற்க வேண்டும். களை மிகுந்த வயலாயின் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளலாம். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் கூடாது. பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிப் பதர் மிகும். இலைகள் நீரை ஆவியாக்கித் தம்மைக் குளிர்வித்துக்கொள்வது அப்போதுதான் மிகவும் தேவை. ஆடியை ஒட்டிப் பூக்கும் சொர்ணவாரிப் பயிருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

காயவிடுவதால் இன்னொரு நன்மை, மீத்தேன் குறைவது. ஆக்ஸிஜன் அற்ற சேற்றில் சில நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. வேருக்கு மூச்சுக்காற்று இறங்கிய அதே குழல்கள் வழியாகவே அது மேலேறி வளிமண்டலத்தில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. வயல் காய்ந்து காற்று உட்புகும்போது அதன் உற்பத்தி நின்றுபோகிறது.

இவ்வளவு நல்ல முறையை எல்லாரும் ஏன் பின்பற்றவில்லை? உழவர் அறியாமை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காயவிட்ட வயலில் களை வரும். களையெடுக்க ஆள் வேண்டும். முன்பு பெண்கள் வரிசையாக நின்று குனிந்து எடுத்தார்கள். இன்று ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. மாதச் சம்பளமும் நிழலும் இருக்கிற வேலையை விட்டுவிட்டு இடுப்பொடியக் களையெடுக்க யார் வருவார்கள்? வரவேண்டும் என்று சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. ஆகவே நீரைத் தேக்கிவைப்பவர் கூலியாளுக்குப் பதிலாக நீரை வேலைக்கு வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் உழவுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கூலியைவிட மலிவாகவும் முடிகிறது. அவருடைய கணக்கு அவருக்குச் சரி. நிலத்தடி நீருக்குத்தான் நட்டம்.

வேறு வழி உருளும் களைக்கருவி. நாற்றை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் நெடுக்கிலும் குறுக்கிலும் இதைத் தள்ளிக்கொண்டு போகலாம். பற்களுள்ள உருளை களையைச் சேற்றில் அமுக்கிவிடும். அது மக்கி உரமாகும். மண்ணும் கிளறப்பட்டுக் காற்றைப் பெறும். நின்றபடியே செய்கிற வேலை. ஆயினும் காய்ந்த மண்ணில் இது ஓடாது. தள்ளும் நாளில் கொஞ்சம் நீர் நிற்க வேண்டும். எஞ்சியது களைக்கொல்லி மருந்து. பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்றவை நட்ட சில நாட்களுக்குள் மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் இடப்படுகின்றன. இட்டபின் இரண்டு மூன்று நாள் மடையைத் திறந்து நீரை வடிக்கக் கூடாது என்று சொல்வார்கள். மருந்து வேலை செய்ய வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஏரிகள் சங்கிலியாக இருப்பது. மேல் வயலிலிருந்து வடிவது வாய்க்கால் வழியே கீழ் ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கியே ஓடுகிறது. அது சென்னையின் குடிநீர்.

வயலிலிருந்து கசிந்துபோன 28 லட்சம் லிட்டரையும் முழு வீண் என்று எழுதிவிடக் கூடாது. அதில் ஒரு பங்கு ஊர்க் கிணறுகளில் ஊறி, சொர்ணவாரிக்குத் திரும்ப வருகிறது. ஆனால் அதை மேலே கொண்டுவர ஆற்றல் வேண்டும். ஓர் ஏக்கருக்கு 300 மில்லிமீட்டர் நீரை 20 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி 36 லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 65 யூனிட் வரும். பம்பு, தான் வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்துவதாகக் கொண்டால் அது 200 யூனிட் அளவுக்குப் போய்விடுகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரே அளவுள்ள, ஓட்டையில்லாத மூன்று பழைய வாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வயலின் மேல்மண்ணைக் கட்டியின்றி நன்றாகக் கலந்து மூன்றிலும் பாதியளவு நிரப்புங்கள். ஒன்றில் மண்ணை ஈரமாக மட்டும் வைத்திருங்கள். இரண்டாவதில் எப்போதும் 5 சென்டிமீட்டர் நீர் நிற்கட்டும். மூன்றாவதில் முதல் வாரம் நீரை நிறுத்திவிட்டு, பிறகு மயிரிழை வெடிப்பு தோன்றும்வரை விட்டுவிட்டு ஊற்றுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் வெயில் படும்படி இருக்க வேண்டும். மழை வந்தால் மூடிவிடுங்கள்; கொசு முட்டையிடாமல் இருக்க வலைத்துணி கட்டிவையுங்கள். 20 நாள் கழித்து ஒவ்வொரு வாளியிலும் முளைத்த செடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணும்போது புல் வகை, கோரை வகை, அகன்ற இலை வகை என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். கோரையை விரலிடையில் உருட்டினால் அதன் தண்டு முக்கோணமாக இருப்பது தெரிந்துவிடும்.